தொட்டியில் இறங்கும் முன்: வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகள்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. பழைய வட ஆற்காட்டின் தோல் ஊர்கள் இவை. நான் இருபத்திரண்டு வருடம் இந்தப் பக்கத்து டேனரிகளில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், வேலை பார்த்தவன், கடைசி எட்டு வருடம் சூப்பர்வைசராக. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிலாளர்களோடு உட்கார்ந்து வேலையிடப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறேன். அங்கே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். டேனரிக்காரர்கள் மட்டுமல்ல, ஷூ கம்பெனிப் பெண்களும் பீடி சுற்றுகிறவர்களும் கேட்டவை இதில் உண்டு.

விபத்து நடந்தால் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றே எழுதுகிறார்கள். அது உண்மைதானா அண்ணே?

பாதி உண்மைகூட இல்லை. ரோலருக்குள் தோலைக் கொடுக்கிறவர் ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கான தடவை அதன் பக்கம் கையை நீட்டுகிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, மே மாதப் புழுக்கத்தில், ஒரு தடவை கண் அசந்துவிடும். மனிதன் என்றால் அசரத்தான் செய்வான். அசந்த அந்த ஒரு நொடியில் கை உள்ளே போய்விடுகிற மாதிரி மெஷின் இருந்தால், குறை மெஷினில் இருக்கிறது.

நான் இருந்த ஓர் இடத்தில், என்னோடு பத்து வருடம் நின்றவர், தோலை அடுக்காகப் பிளக்கும் ஸ்பிளிட்டிங் மெஷினில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று அந்த மெஷினின் முன் தடுப்பை ஒரு வாரம் முன்பே கழற்றி மூலையில் சாத்தி வைத்திருந்தோம். கழற்றலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். 'கவனக்குறைவு' என்று அறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கியபோதும் அந்தத் தடுப்பு அதே மூலையில்தான் கிடந்தது. அன்றிலிருந்து எந்த விபத்தைக் கேள்விப்பட்டாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: அந்தக் கை ஏன் அங்கே போக வேண்டியிருந்தது? அந்த ஆள் ஏன் அங்கே இறங்க வேண்டியிருந்தது? யார் கவனமாக இல்லை என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கையுறை, மாஸ்க், கம்பூட்ஸ் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். அது போதாதா?

போதாது. கையுறை என்பது மற்ற எல்லாம் தவறிய பிறகு மிச்சமிருக்கும் கடைசித் தடுப்பு. ஆபத்தான பொருளை விட்டுவிட்டு வேறு பொருளுக்கு மாற முடியுமா, ஆள் செய்வதை வெளியிலிருந்து பம்ப் செய்யுமா, மெஷினுக்குத் தடுப்புப் போட்டாயிற்றா, புகையை இழுக்கும் விசிறி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையுறைக்கு வர வேண்டும். பல இடங்களில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் கையுறை கொடுத்து, அதோடு முடித்துவிடுகிறார்கள்.

சுற்றும் ரோலருக்குப் பக்கத்தில் தொளதொளத்த கையுறை போடுவதும் ஆபத்து. கையுறையின் நுனி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர்கள் ஏன் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள்?

இதற்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் நம்மைத் திரும்பத் திரும்ப அழ வைப்பது இந்தச் சாவுதான்.

முடியை உதிர்க்கத் தோலைச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போட்டு ஊற வைக்கிறோம். அந்தத் தண்ணீரும், பிக்கிள் செய்த (பதனிடும் முன் தோலை ஊற வைத்த) அமிலத் தண்ணீரோ, பதனிடும் குரோம் தண்ணீரோ ஒரே கால்வாயில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அதனுடையது. கலக்கவே இல்லை என்றாலும், காற்றுப் படாமல் தேங்கிய கசட்டில் கிருமிகள் இதே வாயுவை உண்டாக்கும். இது காற்றை விடக் கனமானது. அதனால் மேலே ஏறிப் பறந்து போகாது, தொட்டியின் அடியில் படிந்து நிற்கும்.

இதில் ஓர் ஏமாற்று இருக்கிறது. கொஞ்சமாக இருக்கும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். காற்றில் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு அளவுக்கு வந்தால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று சொல்வது அந்த நேரத்தில்தான். 500-ஐத் தாண்டி 1000 பக்கம் போனால் இரண்டு மூச்சுக்குள் ஆள் சுருண்டு விழுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

மேலே தெளிந்த தண்ணீர் நிற்கிற தொட்டியும் அமைதியான தொட்டி இல்லை. காலை வைத்து அடிக் கசட்டைக் கிளறியவுடன் அதற்குள் அடைபட்டிருந்த வாயு மொத்தமாக வெளியே வரும். இறங்கிய முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் ஆகாமல், மண்வெட்டியைப் போட்ட பிறகு விழுகிறவர்கள் இதனால்தான் விழுகிறார்கள்.

விழுந்தவரைப் பார்த்ததும் அண்ணனோ மச்சானோ பக்கத்து ஆளோ குதிக்கிறார். அவரும் அதே காற்றைத்தான் மூச்சிழுக்கிறார். மூன்றாவது ஆளும் அப்படியே. நான் கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தில் இரண்டு பேர் உள்ளே விழுந்த பிறகு, மூன்றாவதாகக் குதிக்கப் போன பையனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்தியவர், தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய உருளையான டிரம்மில் வேலை பார்க்கும் வயதான ஓர் ஆள். பையன் அவரைத் திட்டினான், அடிக்கப் போனான். ஆனால் அவர் விடவில்லை. பெரிய பிளோயரைக் கொண்டுவந்து காற்றடித்து, கயிறு போட்டு இரண்டு பேரையும் இழுத்தோம். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அந்தப் பையன் உள்ளே போயிருந்தால் கயிறு பிடிக்க ஆள் குறைந்திருக்கும்.

சரி, இறங்கியே ஆக வேண்டும் என்றால் எப்படி?

முதலில் இறங்காமல் முடியுமா என்று பாருங்கள். கசடை வெளியே நின்று உறிஞ்சும் வண்டியும், உயர் அழுத்தத்தில் தண்ணீர் அடிக்கும் கருவியும் இப்போது இருக்கின்றன. பெரும்பாலான தொட்டிகளுக்கு இவை போதும்.

அது முடியாது என்று ஆனால்தான் மற்றது. தொட்டிக்குள் வரும் எல்லாக் குழாய்களையும் அடைத்துப் பூட்ட வேண்டும். உள்ளே ஆள் இருக்கும்போது பக்கத்து ஷெட்டில் யாரோ டிரம் தண்ணீரைத் திறந்துவிட்டால் கதை முடிந்தது. வெளியே வைத்த பிளோயரின் குழாயை அடிவரை இறக்கிக் காற்றடிக்க வேண்டும், வேலை முடியும்வரை அது நிற்கக் கூடாது. சிலர் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுகிறார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள். சின்னப் பொறி பட்டாலும் உடுத்திய துணி பற்றிக்கொள்ளும்.

அப்புறம் வாயுமானி. கையில் பிடிக்கும் அளவுதான் இருக்கும். கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். உள்ளே 19.5-க்குக் கீழே காட்டினால் இறங்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டினாலும் இறங்கக் கூடாது. இறங்குகிறவர் உடம்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு, கயிற்றின் மறுமுனை, மேலே தொட்டி வாயில் நிறுத்திய மூன்று கால் சட்டமான முக்காலியில். மேலே ஒருவர் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை எதுவும் கொடுக்கக் கூடாது, டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பக் கூடாது, எது நடந்தாலும் அவர் உள்ளே இறங்கக் கூடாது.

இதெல்லாம் என் சொந்த யோசனை இல்லை. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவே இதைச் சொல்லியிருந்தது: தகுதியான ஒருவர் தானே சோதித்து 'உள்ளே ஆபத்தான வாயு இல்லை' என்று எழுத்தில் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இறங்குகிறவருக்கு மூச்சுக் கருவியும், வெளியே ஓர் ஆள் பிடித்திருக்கும் கயிறு கட்டிய பெல்ட்டும் வேண்டும். உள்ளே எடுத்துப் போகும் கைவிளக்குக்கும் 24 வோல்ட் என்று அதை அடுத்த 36ஏ பிரிவு வரம்பு வைத்திருந்தது. எழுபது வருடத்துக்கும் மேலாக எழுத்தில் இருக்கிற விஷயம் இது. காகிதத்தில் கையெழுத்து இல்லாமல் "சும்மா பத்து நிமிஷ வேலைப்பா" என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள்.

கற்பூரத்தைக் கொளுத்திக் கயிற்றில் இறக்கிப் பார்க்கிறோம். அணையவில்லை என்றால் இறங்கலாமா?

கூடாது. ஆக்சிஜன் மிகவும் குறைந்திருந்தால்தான் தீ அணையும். ஆளைக் கொல்கிற அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும்போதும் கற்பூரம் எரிந்துகொண்டேதான் இருக்கும். அந்த வாயு தானும் தீப்பிடிக்கக் கூடியது. ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவதிலும் எந்தப் பயனும் இல்லை.

கண் முன்னால் ஒருத்தர் விழுந்து கிடக்கும்போது சும்மா நிற்கச் சொல்கிறீர்களே, மனசு வருமா?

வராது. அதனால்தான் முன்கூட்டியே பெல்ட்டும் கயிறும் கட்டச் சொல்கிறேன். கயிறு கட்டியிருந்தால் சும்மா நிற்க வேண்டியதில்லை, மேலிருந்தே இழுத்துவிடலாம். கட்டவில்லையென்றால் பிளோயரை ஓட விடுங்கள், 108-க்கும் தீயணைப்புத் துறையின் 101-க்கும் கூப்பிடுங்கள். தீயணைப்புக்காரர்களிடம் மூச்சுக் கருவி இருக்கும். 'தொட்டிக்குள் வாயு தாக்கி விழுந்துவிட்டார்' என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'மயக்கம்' என்று மட்டும் சொன்னால் வருகிறவர்களுக்கு விஷயம் புரியாது.

வெளியே எடுத்ததும் நல்ல காற்றில் படுக்க வைத்து, ஈர உடையைக் கழற்றி, மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம், அவர் மூச்சில் இருக்கும் வாயு ஊதுகிறவரையும் தாக்கும்.

டிரம்முக்குள் தோல் சிக்கிக்கொண்டால் உள்ளே தலையை விடுகிறோம். அதிலும் ஆபத்து உண்டா?

தொட்டிக்கு அடுத்த பெரிய ஆபத்து இதுதான். உள்ளே ஒருவர் இருப்பது தெரியாமல் அந்தப் பக்கம் இன்னொருவர் சுவிட்சைப் போட்டுவிடுவார். 'சுவிட்ச் போடாதே' என்று அட்டை மாட்டுவது போதாது, அட்டை கீழே விழும், படிக்கத் தெரியாதவர் வருவார். மெயின் சுவிட்சை அணைத்து அதில் ஒரு பூட்டைப் போட வேண்டும். உள்ளே போகிறவரின் சொந்தப் பூட்டு, சாவி அவர் பையில். இரண்டு பேர் போனால் இரண்டு பூட்டு. ஒரு பூட்டின் விலை நம் எல்லோருக்கும் தெரியும்.

குரோம் வேலை செய்து கையில் சின்னச் சின்னப் புண். வலிக்கவே இல்லை. விட்டுவிடலாமா?

வலிக்காததால்தான் விட்டுவிடுகிறோம். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் குழி விழுந்த புண்ணாக இருந்தால் அது குரோமியத்தால் வந்ததாக இருக்கலாம். சின்னக் கீறல் வழியாக உள்ளே இறங்கி ஆழமாக அரிக்கும். சிலருக்குப் புண் இல்லாமல் அரிப்பும் தடிப்புமாக வரும். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துவிட்டால், பிறகு குரோம் தோலில் செய்த செருப்பைப் போட்டாலே காலில் கிளம்பும்.

பதனிட நாம் பயன்படுத்தும் குரோம் உப்பு மூன்று இணைதிறன் வகை. புற்றுநோயோடு தொடர்புள்ள ஆறு இணைதிறன் வகை அதைவிட மிக மோசமானது. ராணிப்பேட்டையில் 1990-களிலேயே மூடப்பட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலையின் வளாகத்தில் லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து கிடந்த கழிவு இந்த இரண்டாவது வகை. மழை பெய்தால் மஞ்சளாக ஓடும் தண்ணீரை அந்தப் பக்கத்து மக்கள் வருடக்கணக்காகப் பார்த்தவர்கள். அந்த மஞ்சள் தண்ணீரில் கால் வைக்காதீர்கள், ஆடு மாட்டையும் விடாதீர்கள்.

கைக்கு வருவோம். முழங்கை வரை வரும், ஓட்டை இல்லாத ரப்பர் கையுறை வேண்டும். ஓட்டை விழுந்த கையுறை, கையுறையே இல்லாததை விட மோசம், தண்ணீர் உள்ளே தங்கி நாள் முழுக்க ஊறும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்காமல் விட்டுவிடலாம்.

அமிலம் பற்றி ஒரு வார்த்தை: தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பச்சைத்தோல் பிரிக்கிறவர்களுக்குத் தனியாக ஏதாவது?

அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ் என்பார்களே, அது. நோயில் செத்த மாட்டின் தோலில் அதன் கிருமி வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். கையிலோ கழுத்திலோ கொப்புளம் வந்து நடுவில் கரும்பொருக்குத் தட்டி, வலி இல்லாமல் சுற்றிலும் வீங்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். சீக்கிரம் பார்த்தால் மருந்தில் குணமாகும்.

ஷூ கம்பெனியில் சொல்யூஷன் தடவுகிறேன். சாயங்காலம் ஆனால் தலைவலி. இது பழகிவிடும் என்கிறார்களே?

பழகக் கூடாது, தங்கச்சி. பசையைக் கரைக்கும் திரவங்கள் ஆவியாகி மூச்சில் போகின்றன. டொலுயீன் தலைவலியும் கிறுகிறுப்பும் தரும். ஹெக்சேன் கலந்த பசையில் மாதக்கணக்காக வேலை செய்தால் கால் விரலிலும் கை விரலிலும் மரமரப்பு தொடங்கி நரம்பு பலவீனம் வரை போகும். கர்ப்பமாக இருக்கிறவர்களை இந்த மேசையிலிருந்து மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

டப்பாவுக்கு மூடி போட்டு, பிரஷ் நுழையும் அளவுக்கு மட்டும் வாய் வைத்தாலே ஆவி நன்றாகக் குறையும். மேசையின் பின்பக்கம் காற்றை உறிஞ்சும் குழாய் வேண்டும். தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறி அந்த ஆவியைப் பக்கத்து மேசைக்காரர் மூக்குக்குத்தான் அனுப்பும். தண்ணீர் சார்ந்த பசை பல வேலைகளுக்கு வந்துவிட்டது. மேசையிலிருந்து தள்ளி நின்று யோசித்தால், இந்தக் கேள்விக்கும் முதல் கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அந்த ஆவி மூக்கு வரை ஏன் வர வேண்டும்?

பாத்ரூம் போக டோக்கன் வாங்க வேண்டியிருக்கிறது. இதுவும் பாதுகாப்பில் சேருமா?

கண்டிப்பாகச் சேரும். இதைக் கேட்ட அக்கா மிகவும் தயங்கித்தான் கேட்டார். டோக்கனுக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். வேலூர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம். விளைவு நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, சிலருக்குச் சிறுநீரகக் கல், மாதவிலக்கு நாட்களில் சொல்லவே முடியாத அவதி. குடிதண்ணீரும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும், எந்த நேரமும் போய்வரும் வசதியும் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதி வைத்த கடமைகள். விரல் துண்டானால் விபத்து என்கிறோம். சிறுநீரகம் மெல்லக் கெட்டால் அதற்குப் பெயரே வைப்பதில்லை.

ஒருவராகப் போய்க் கேட்டால் பெயர் குறித்துக்கொள்வார்கள் என்ற பயம் நியாயமானது. ஒரு லைனில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

கத்திரி வெயிலில் வேலை செய்யும்போது என்ன செய்வது?

செங்கல் சூளை, கல் குவாரி, கட்டட வேலை, டேனரியில் தோல் உலர்த்தும் மாடி, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு தடவை ஒரு டம்ளர். நீர்மோர், கேழ்வரகுக் கூழ் கரைத்த தண்ணீர், உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லது. புதிதாக வந்த ஆளை முதல் நாளே முழு வேலையில் போடாதீர்கள், உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் ஆகும். கனமான வேலையைக் காலை பதினோரு மணிக்குள் முடித்துவிட்டு மாலை நான்குக்கு மேல் தொடங்கலாம்.

ஒருவர் சம்பந்தம் இல்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ அது வெப்பவாதம். நிழலுக்குக் கொண்டுபோய்த் தலையிலிருந்து கால் வரை தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும். தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு.

ராணிப்பேட்டையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இறந்தார்களே, அது என்ன?

2015 ஜனவரி 31, விடியற்காலை. சிப்காட் தொழிற்பேட்டையில் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் கசடு வெள்ளமாகப் புகுந்தது. அங்கே படுத்திருந்த பத்துப் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

தூங்குகிறவரிடம் கவனக்குறைவு என்ன இருக்க முடியும்? அவர்கள் கையுறை போட்டிருந்தாலும் தலைக்கவசம் போட்டிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. அவர்கள் ஏன் அங்கே படுத்திருந்தார்கள் என்பதுதான் கேள்வி. வெளி மாநிலத்திலிருந்து வருகிறவருக்குத் தங்க இடம் கொடுக்காமல் தொழிற்சாலைக்குள்ளேயே ஒரு மூலையைக் காட்டுவது இன்றும் நடக்கிறது. ரசாயனக் கிடங்குக்கும் தொட்டிக்கும் பக்கத்தில் யாரும் தூங்கக் கூடாது. அவர்களுக்கு எச்சரிக்கைப் பலகை தமிழில் மட்டும் இருந்தால் பயனில்லை. வங்க மொழியிலும் இந்தியிலும் எழுதுங்கள், படமும் வரையுங்கள். நம் ஆட்களும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய் இதே மாதிரி மூலைகளில் படுத்தவர்கள்தான்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நம் ஊர்ப் பெயரில் இருக்கிறதாமே?

இருக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் வந்தது. தோல் கழிவால் பாலாறும் நிலமும் கெட்டதைப் பற்றிய வழக்கு. அப்போது மாவட்டத்தின் பெயர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்', 'கேடு வரும் என்று தெரிந்தால் முன்பே தடுக்க வேண்டும்' என்ற இரண்டு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது. சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு. அது ஆற்றையும் வயலையும் பற்றிப் பேசியது. அதே விஷம் ஆற்றுக்குப் போகும் முன் முதலில் தொடுவது உள்ளே நிற்கிற தொழிலாளியின் கையையும் மூச்சையும். முன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கை தொழிற்சாலை வாசலுக்கு உள்ளேயும் வர வேண்டும் என்பது என் ஆசை.

வீட்டில் பீடி சுற்றுகிறேன். எனக்கும் இதில் ஏதாவது இருக்கிறதா?

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் எத்தனையோ வீடுகளில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் பெண்கள்தான். புகையிலைத் தூள் மூச்சிலும் தோலிலும் ஏறும். சன்னல் பக்கமோ திண்ணையிலோ உட்காருங்கள், தூள் இருக்கும் அறையில் குழந்தையைத் தொட்டிலில் போடாதீர்கள், சுற்றிய கையைக் கழுவாமல் சோறு ஊட்டாதீர்கள். மணிக்கு ஒரு தடவை எழுந்து முதுகை நிமிர்த்துங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பியுங்கள்.

வீட்டுச் செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய ஆள் இறக்கலாமா?

கூடாது. 2013-ல் வந்த சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம், இறக்கியவர் வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. கழிவுநீர்க் குழியில் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.

நான் கான்ட்ராக்ட் ஆள். அடிபட்டால் எனக்கு என்ன கிடைக்கும்?

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு உண்டு, கான்ட்ராக்ட் ஆளுக்கும் உண்டு. கான்ட்ராக்டர் கட்டவில்லையென்றால் முதன்மை முதலாளி, அதாவது கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுத்த கம்பெனி, கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் பெயரில் ஓர் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை இன்றைக்கே கேட்டு வாங்கிப் போனில் பதிந்து வையுங்கள், அடிபட்ட அன்று தேடாதீர்கள். வேலையில் காயம்பட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். வீட்டிலிருந்து கம்பெனிக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் 2010-ல் வந்த திருத்தத்தால் வேலை விபத்தாகவே சேர்கிறது. கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் நெருக்கியடித்து வரும் பெண்களுக்கு இது முக்கியம்.

இ.எஸ்.ஐ. இல்லாத இடமென்றால் ஊழியர் இழப்பீடு. கணக்கு இப்படி: மாதச் சம்பளம் 15,000, வயது 30 என்றால், சம்பளத்தில் பாதியான 7,500-ஐ அந்த வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்குவார்கள். இறப்புக்கு 15,59,850 ரூபாய். "ரெண்டு லட்சம் தர்றோம், கையெழுத்துப் போடு" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே பேப்பர் நீட்டினால் போடாதீர்கள்.

சட்டமெல்லாம் மாறிவிட்டது என்கிறார்களே?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் இப்போது பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு. நியமனக் கடிதம் கொடுப்பது அதில் கட்டாயம். வாங்கிக்கொள்ளுங்கள், அடிபட்ட பிறகு 'இவர் எங்கள் ஆளே இல்லை' என்ற பேச்சை அந்தத் தாள் நிறுத்தும். பிரிவு எண்கள் மாறினாலும் தொட்டிக்குள் இருக்கும் வாயு மாறவில்லை.

நான் சின்ன டேனரி வைத்திருக்கிறேன். வாயுமானி, முக்காலி எல்லாம் வாங்க எனக்கு வசதி இல்லை, பாய்.

இதைக் கேட்டவர் என்னை விட மூத்தவர், நல்ல மனிதர், தொழிலாளிகளை மகன் மாதிரி நடத்துகிறவர். அவரிடம் சொன்னதையே எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் பங்கு போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்துகிறீர்கள். அதே மாதிரி பத்து டேனரிக்குச் சேர்த்து ஒரு வாயுமானி, ஒரு பிளோயர், ஒரு முக்காலி, பயிற்சி பெற்ற இரண்டு ஆட்கள் என்று வைத்துக்கொள்ளலாமே. தொட்டி தினமும் சுத்தம் செய்கிற பொருள் இல்லை. முறை வைத்துக்கொண்டால் போதும். சல்பைடுத் தண்ணீரையும் அமிலத் தண்ணீரையும் தனித்தனிக் கால்வாயில் விடுவதற்கு ஒருமுறைதான் செலவு. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவரே இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

புகார் கொடுத்தால் என் பெயர் வெளியே தெரியுமா?

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், உங்கள் தொழிற்சாலை எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் முதலாளியிடம் சொல்லக் கூடாது என்று 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தில் தனிப் பிரிவே சேர்த்தார்கள்.

எழுதும்போது 'பாதுகாப்பே இல்லை' என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்த ஷெட், எந்த மெஷின், எந்தத் தடுப்பு எந்தத் தேதியிலிருந்து இல்லை, எந்தத் தொட்டியில் யாரை எத்தனை மணிக்கு இறக்கினார்கள் என்று எழுதுங்கள். நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள். எழுத வராதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.